இரட்டைக் குடியுரிமை இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்காதா? அக்கா பையனுக்காகக் கேட்கிறேன்

கல்மண்டபம் மாமா · ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வழக்கமாகக் காசிமேட்டு மீன் விலையும் எங்கள் தெரு மழைநீர் வடிகாலும்தான் எழுதுவேன். இன்று விஷயம் வேறு.

என் அக்கா பையன் 2015 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கிரீன் கார்டு வந்தது. போன வருடம் குடியுரிமைப் பிரமாணமும் எடுத்துவிட்டான். இப்போது மேரிலாந்தில், ராணுவத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் 'சீக்ரெட்' நிலைக் கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அதற்கு எஸ்.எஃப்-86 என்று ஒரு படிவம். நூறு பக்கத்துக்கு மேல். நம் ஊர் ரேஷன் கார்டு விண்ணப்பமே தேவலை போலிருக்கிறது.

சிக்கல் இதுதான். தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில், ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மஞ்சப்பை. அதற்குள் அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட். 2019இல் புதுப்பித்தது, 2029 வரை செல்லும். போன ஆடியில் பாட்டி திவசத்துக்கு வந்தவனிடம் அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டாள். "இருந்தா இருக்கட்டும்டா, நாளைக்கு அங்க வேணாம்னு சொல்லிட்டா இங்க வரணும்ல" என்பது அவள் வாதம். பையனுக்கு இப்போது பயம். இரண்டு நாட்டுக் குடிமகன் என்று முத்திரை குத்தி வேலையைப் பறித்துவிடுவார்களா? ஒளிக்காமல் சொன்னால் ஆபத்தா, சொல்லாமல் விட்டால் ஆபத்தா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்கா தினமும் போன் போட்டு என் உயிரை எடுக்கிறாள்.

சந்தேகப் பேர்வழி · ஞாயிறு, இரவு 9.31

மாமா, ரொம்ப யோசிக்காதீங்க. பாஸ்போர்ட் இருப்பது தண்டையார்பேட்டை பீரோவில். அமெரிக்காக்காரன் வந்து புடவையைத் தூக்கிப் பார்க்கப் போகிறானா? படிவத்தில் 'இல்லை' என்று போடச் சொல்லுங்கள். வேலை நடக்கட்டும்.

மேரிலாந்து மணி · ஞாயிறு, இரவு 10.05

மாமா, மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பையனுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நான் பெரம்பூர்க்காரன், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே படிவத்தை இரண்டு முறை நிரப்பியவன். முதலில் பையனின் பயத்துக்குப் பதில்: இரட்டைக் குடியுரிமை என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்காவில் கிளியரன்ஸை மறுப்பதில்லை. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அது அடிப்படை. கூடவே இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால் கேள்விகள் கூடும், அவ்வளவுதான்.

இப்போது நடப்பில் இருப்பது 2017 ஜூன் 8 முதல் அமலுக்கு வந்த விதிகள். ஏ-யில் தொடங்கி எம் வரை 13 தலைப்புகள். கடன், குடி, போதை, குற்ற வழக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தலைப்பு. நம் ஆட்களைத் தொடுபவை பெரும்பாலும் மூன்று. பி என்பது வெளிநாட்டார் செல்வாக்கு. அங்கே இருக்கும் அப்பா அம்மாவை வைத்து யாராவது உன்னை மிரட்ட முடியுமா, மயக்க முடியுமா என்ற கேள்வி. சி என்பது வெளிநாட்டுச் சாய்வு. உன் மனது எந்த நாட்டுப் பக்கம் என்ற கேள்வி, இரட்டைக் குடியுரிமை இங்கேதான் வரும். மூன்றாவது ஈ, சொந்த நடத்தை. சுருக்கமாகச் சொன்னால், பொய் சொன்னாயா?

சி தலைப்பில் எதெல்லாம் குறை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பது' என்று இல்லை. 'இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவது' என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தாமல் இருப்பதும் தனிக் குறை.

சந்தேகப் பேர்வழி அண்ணே, நீங்கள் சொன்ன 'இல்லை' இருக்கிறதே, படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் அங்கே ஐந்து வருடம் வரை சிறை. பீரோவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பையன் கிரீன் கார்டு வாங்கியது எந்தப் பாஸ்போர்ட்டை வைத்து? அது ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கிறது.

சந்தேகப் பேர்வழி · ஞாயிறு, இரவு 10.11

அட, அது தோணலை. சரி, வாபஸ்.

தங்கசாலைத் தம்பி · ஞாயிறு, இரவு 10.40

மணி அண்ணன் சொல்வது சரியா? என் சீனியர் ஒருவர் கிளியரன்ஸ் வாங்கும்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். இணையத்திலும் 'பாஸ்போர்ட்டைக் கொடு, இல்லாவிட்டால் கிளியரன்ஸ் இல்லை' என்று நிறைய இடத்தில் இருக்கிறது.

மேரிலாந்து மணி · ஞாயிறு, இரவு 11.02

உங்கள் சீனியர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. காலம்தான் வேறு.

2000 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதை ஒப்படைக்க வேண்டும், அல்லது அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றது. பல வருடம் அதுதான் நடைமுறை. கம்பெனியின் பாதுகாப்பு அலுவலர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார், சில இடங்களில் சாட்சி வைத்துக் கிழித்துப் போடுவார்கள். 2017 விதிகள் வந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இணையத்தில் பழைய பதில்கள் அப்படியே கிடக்கின்றன. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

வியாசை பர்மாக்காரன் · திங்கள், காலை 6.20

எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். இந்தப் பையன் இரட்டைக் குடிமகனே இல்லை.

இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு: தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் கடிதம் அனுப்பத் தேவையில்லை, யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பையன் அங்கே வலது கையைத் தூக்கிப் பிரமாணம் எடுத்தபோதே இங்கே முடிந்தது. அரசியல் சட்டத்தின் 9ஆவது உறுப்பும் இதே பொருளைத்தான் பேசும். இரண்டுக்கும் ஒரே எண், தற்செயல்தான்.

அப்படியென்றால் பீரோவில் இருப்பது என்ன? செல்லாத நோட்டு மாதிரி. செல்லாததோடு நிற்கவில்லை, வைத்திருப்பதே தொல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அதை வைத்துக்கொள்வதும் பயன்படுத்துவதும் 1967 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்று தூதரகங்களே அறிவிப்பில் சொல்கின்றன. அக்காவிடம் சொல்லுங்கள் மாமா, அது பத்திரம் இல்லை, வெறும் அட்டை.

எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். குடியுரிமைக் காகிதத்துக்காக அவர் ஏறி இறங்கிய அலுவலகக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் இந்தப் பிரிவெல்லாம் எனக்குப் பாட்டுப் போல மனப்பாடம். காலையில் தெருமுனையில் அத்தோ கடை போடுகிறார்கள், அப்புறம் வருகிறேன்.

கல்மண்டபம் மாமா · திங்கள், காலை 7.45

ஐயா, தலை சுற்றுகிறது. அப்படியானால் ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை? அது இரட்டைக் குடியுரிமைதானே? பேரிலேயே 'சிட்டிசன்' என்று இருக்கிறதே. பையன் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் வேலைக்கு ஆபத்தா?

வியாசை பர்மாக்காரன் · திங்கள், காலை 9.10

அந்தப் பேரால்தான் பாதிக் குழப்பம். 2005 முதல் இருக்கும் திட்டம். 2015 திருத்தத்தில் அட்டை வைத்திருப்பவரை 'ஓ.சி.ஐ. அட்டைதாரர்' என்று மாற்றினார்கள். ஆனால் ஊர்வாய் மாறவில்லை.

அது குடியுரிமை அல்ல, ஆயுள் விசா மாதிரி. ஓட்டு கிடையாது. சட்டமன்றம், நாடாளுமன்றம் கிடையாது. ஜனாதிபதி, உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக முடியாது. மத்திய அரசு தனியாக அனுமதித்தால் தவிர அரசு வேலை கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. இதெல்லாம் இல்லாத ஒன்றைக் குடியுரிமை என்று எப்படிச் சொல்வது?

மேரிலாந்து மணி · திங்கள், மாலை 6.30

எனக்கும் ஓ.சி.ஐ. இருக்கிறது, கிளியரன்ஸும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடவில்லை.

படிவத்தில் 10ஆவது பிரிவுதான் இதற்கான இடம். முதல் கேள்வி: இப்போதோ இதற்கு முன் எப்போதாவதோ இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தீர்களா? நான் 'இல்லை' என்று போட்டு, 'பிறப்பால் இந்தியன், இன்ன தேதியில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன், இந்தியச் சட்டப்படி அன்றோடு முந்தையது முடிந்தது, ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது' என்று விளக்கப் பெட்டியில் எழுதினேன். இரண்டாவது கேள்வி: வேறு நாடு உங்களுக்கு எப்போதாவது பாஸ்போர்ட்டோ பயண அடையாள அட்டையோ கொடுத்ததுண்டா? இதற்கு 'ஆம்'. எண், தேதி, அதை வைத்துப் போன நாடுகள், எல்லாம் கேட்கும். இந்த 'எப்போதாவது' என்ற சொல்லைத்தான் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். காலாவதி ஆகிவிட்டது, மூலையை வெட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் பதில் அல்ல. கொடுத்தார்களா, இல்லையா, அதுதான் கேள்வி.

பையனிடம் ஒன்று கேளுங்கள் மாமா. பிரமாணத்துக்குப் பிறகு அந்த இந்தியப் பாஸ்போர்ட்டை எங்காவது பயன்படுத்தினானா? போன ஆடியில் வந்தானே, எதைக் காட்டி வந்தான்?

கல்மண்டபம் மாமா · திங்கள், இரவு 9.50

கேட்டேன். அமெரிக்கப் பாஸ்போர்ட், இ-விசா. மீனம்பாக்கத்தில் வெளிநாட்டார் வரிசையில் நின்றானாம். தண்டையார்பேட்டையில் பிறந்தவன் அந்த வரிசையில் நின்றதைச் சொல்லும்போதே அவனுக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, அது கிடக்கட்டும்.

ஆனால் ஒன்று செய்திருக்கிறான். அத்தான் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் 21 லட்சத்தையும் அவர் பெயரும் பையன் பெயரும் சேர்ந்த கணக்கில் போட்டிருக்கிறார். வங்கியில் கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வந்தபோது அக்கா அவனைக் கையோடு கூட்டிப்போய், பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடவைத்திருக்கிறாள். இதை யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. நான் பதினைந்து நிமிடம் கத்தினேன்.

இன்னொன்று. நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெயரையும் படிவத்தில் போடவேண்டுமா?

மேரிலாந்து மணி · திங்கள், இரவு 11.25

கத்தியது நியாயம். ஆனால் இது சரிசெய்யக் கூடியதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. அவன் இந்தியக் குடிமகனும் இல்லை, இந்தியாவில் வசிப்பவனும் இல்லை. இந்தியாவில் வசிப்பவன் என்ற முறையில் அவன் பெயர் அந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. எம்.எஸ். படித்து அங்கே வேலையில் தங்கியபோதே, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். வங்கிக்குப் போய் உண்மையைச் சொல்லி மாற்றுவதோ, அவன் பெயரை எடுத்துவிட்டு அத்தான் பெயரில் மட்டும் வைத்து நாமினியாக இவனைப் போடுவதோ நல்லது. என்னைக் கேட்டால் இரண்டாவது.

அப்புறம் அமெரிக்கப் பக்கம். இதுதான் நம் வீடுகளில் யாருக்கும் தெரியாத இடம். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், அமெரிக்க நிதித் துறைக்கு எஃப்பார் என்ற அறிக்கை அனுப்ப வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் பாதி என்று கழிக்க முடியாது, முழுத் தொகையும் அவன் கணக்கில் வரும். 21 லட்சம் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. பணம் அப்பாவுடையதுதான், ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை என்பதெல்லாம் நிஜம். ஆனாலும் அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். விட்டுப்போன வருடங்களுக்குத் தாமதமாக அனுப்ப வழி இருக்கிறது. ஒரு கணக்காளரிடம் போகச் சொல்லுங்கள், படிவத்தை அனுப்பும் முன்பே.

பாருங்கள், இரட்டைக் குடியுரிமை, இரட்டைக் குடியுரிமை என்று நீங்கள் எல்லோரும் பயந்தீர்கள். உண்மையில் விசாரணை அதிகாரி புருவம் உயர்த்தப்போவது இந்தப் பாஸ்புக்கைப் பார்த்துத்தான். இந்தக் கணக்கு படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளைக் கேட்கும் 20ஏ பிரிவில் எப்படியும் வரும். அங்கே எழுதிவிட்டு எஃப்பார் இல்லை என்றால் கேள்வி. எழுதாமல் விட்டால் அதைவிடப் பெரிய கேள்வி.

பாஸ்போர்ட்டை வங்கியில் காட்டியதையும் அவன் மறைக்கக் கூடாது. செல்லாத பாஸ்போர்ட், தெரியாமல் செய்தேன், தெரிந்ததும் வங்கியில் திருத்தினேன், பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தேன் என்று வரிசையாகத் தேதி போட்டு எழுதட்டும். ஒப்படைக்கும்போது அபராதம் இருக்கலாம், கட்டிவிடட்டும்.

உங்கள் கேள்வி: 18ஆவது பிரிவு உறவினர் பட்டியல். அப்பா, அம்மா, உடன்பிறப்பு, பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லாம் உண்டு. தாய்மாமன் அதில் இல்லை. ஆனால் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடந்த ஏழு வருடத்தில் நெருங்கிய, தொடர்ந்த தொடர்பு வைத்திருக்கும் வெளிநாட்டார் யாராவது உண்டா, பாசத்தாலோ செல்வாக்காலோ பொதுவான ஈடுபாட்டாலோ கடமையாலோ கட்டுண்டவர்? அங்கே நீங்கள் வருவீர்கள். எங்கே வேலை பார்த்தீர்கள், அரசோடு தொடர்பு உண்டா என்றும் கேட்கும். துறைமுகம், ஐ.சி.எஃப். இரண்டையும் மறைக்காமல் எழுதட்டும். ஓய்வூதியம் வாங்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காரரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

கல்மண்டபம் மாமா · செவ்வாய், காலை 6.55

'பாசத்தால் கட்டுண்டவர்' என்று அமெரிக்க அரசாங்கப் படிவத்தில் இருக்கிறதா! இதை நான் அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். அவனுக்கு முதல் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

டொராண்டோ தேவி · செவ்வாய், காலை 8.15

என்னுடைய கதை கொஞ்சம் வேறு. பிறந்தது யாழ்ப்பாணம், பள்ளிக்கூடம் போனது திருவொற்றியூரில், இப்போது கனடாவில் அரசு வேலை.

இலங்கையிலும் வேறு குடியுரிமை எடுத்தால் பழையது போய்விடும். ஆனால் அங்கே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வாங்க வழி இருக்கிறது. அம்மாவின் காணிக்காக நான் அப்படி விண்ணப்பித்து வாங்கினேன். ஆகவே நான் நிஜமான இரட்டைக் குடிமகள். கனடாவில் 'சீக்ரெட்' நிலைக்குக் கேட்டபோது, ஏன் விண்ணப்பித்தீர்கள் என்றார்கள். காணி என்றேன், உறுதிப் பத்திரத்தின் நகல் கொடுத்தேன். அதோடு முடிந்தது.

எனக்குத் தாமதமானது வேறொரு இடத்தில். அந்த நிலைக்குக் கடந்த பத்து வருட வாழ்க்கையைச் சரிபார்க்க வேண்டும். அதில் இரண்டு வருடம் நான் அம்மாவைப் பார்க்கத் திருவொற்றியூருக்கு வந்து தங்கியிருந்தேன். வாடகை ஒப்பந்தம் இல்லை, மின் கட்டணம் வீட்டுக்காரம்மா பெயரில். அங்கே இருந்ததற்கு என்ன சாட்சி என்றால் என்ன சொல்லுவது? கடைசியில் வீட்டுக்காரம்மாவே தமிழில் கடிதம் எழுதி, மொழிபெயர்த்துக் கொடுத்தோம். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறியாதீர்கள்.

பெரம்பூர் பறவை · செவ்வாய், காலை 11.40

பெர்த்திலிருந்து. எங்கள் பாட்டி காலத்தில் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த வழியில் வந்தவள் நான்.

இங்கே ஒரு வேடிக்கை. கிளியரன்ஸுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும், ஆனால் கூடவே இன்னொன்று இருந்தாலும் வாங்கலாம். நாடாளுமன்றத்துக்கு மட்டும் முடியாது, அரசியல் சட்டத்தின் 44ஆவது பிரிவு தடுக்கிறது. 2017இல் துணைப் பிரதமராக இருந்த பார்னபி ஜாய்ஸுக்கே அப்பா வழியில் நியூசிலாந்துக் குடியுரிமை இருந்ததாகத் தெரியவந்து பதவி போனது. பிறகு அதைத் துறந்துவிட்டு இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். ரகசியக் கோப்பைத் தொட இரட்டைக் குடிமகனுக்கு வழி உண்டு, நாடாளுமன்ற நாற்காலியைத் தொட வழி இல்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை.

எண்ணூர்க் கழி · செவ்வாய், மதியம் 2.05

இதே இழையில் எதிர்ப் பக்கம் கேட்கலாமா? என் தங்கை மகள் அமெரிக்காவில் பிறந்தாள், மூன்று வயதில் இங்கே வந்துவிட்டாள். அமெரிக்கப் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை. இப்போது கல்லூரி. ஐ.பி.எஸ். ஆக வேண்டும் என்கிறாள். வாய்ப்பு உண்டா?

வியாசை பர்மாக்காரன் · செவ்வாய், மாலை 5.30

இப்போது இருக்கும் நிலையில் இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். மூன்றுக்கும் இந்தியக் குடிமகனாக மட்டுமே இருக்க வேண்டும். மற்ற சில பணிகளுக்கு நேபாளம், பூட்டான்காரர்களும், பர்மா, இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் போன்ற இடங்களிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினரும் தகுதிச் சான்றிதழோடு எழுதலாம் என்று யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் இன்றும் இருக்கிறது. பர்மா என்ற சொல்லை அந்த அறிவிப்பில் பார்க்கும்போது எங்கள் காலனியில் ஒரு சந்தோஷம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

அவளுக்கு வழி இருக்கிறது. ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்து வருடமும், விண்ணப்பத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வாசமும் இருந்தால் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். அதை விடுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு மாதத்தில் முடிகிற வேலை இல்லை, தேர்வுக்கான வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் · செவ்வாய், மாலை 6.00

நண்பர்களே, இங்கே வருவது அனுபவம்தான், வக்கீல் ஆலோசனை அல்ல. பாஸ்போர்ட் எண், கணக்கு எண், பையன் வேலை செய்யும் கம்பெனியின் பெயர் எதையும் பதிவிட வேண்டாம். மாமா நேற்று போட்ட பாஸ்போர்ட் படத்தை நீக்கிவிட்டேன்.

கல்மண்டபம் மாமா · செவ்வாய், இரவு 8.20

மன்னிக்கவும் நெறியாளரே. அட்டையை மட்டும் காட்டலாம் என்று நினைத்தேன், உள்பக்கமும் வந்துவிட்டது.

மணி தம்பி, புதுப் பிரச்சினை. பையன் இப்போது வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: வேறு நாட்டுத் தேர்தலில் எப்போதாவது ஓட்டு போட்டீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வியாம். 2015 ஜூனில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். ஜெயலலிதா நின்றது. அவன் முதல் ஓட்டு. நானும் அவனும் ஒன்றாக வரிசையில் நின்றோம், விரல் மையோடு போட்டோ இருக்கிறது. அப்போது அவன் இந்தியன்தானே! அது எப்படி வேறு நாட்டுத் தேர்தல் ஆகும்?

மேரிலாந்து மணி · செவ்வாய், இரவு 10.45

இன்றைய அவனுக்கு அது வேறு நாட்டுத் தேர்தல்தான். 'எப்போதாவது' என்று இருப்பதால் 'ஆம்' போட வேண்டும். பயம் வேண்டாம். அமெரிக்கக் குடிமகன் ஆவதற்கு முன்னால் பிறந்த நாட்டில் அனுபவித்த உரிமையைக் குறையாக எடுப்பதில்லை, விதியிலேயே அந்தச் சலுகை எழுதியிருக்கிறது. நானும் பெரம்பூரில் போட்ட ஓட்டை எழுதினேன். விசாரணைக்கு வந்த அம்மா, எந்தக் கட்சிக்கு என்று கேட்பாரோ என்று தயாராக இருந்தேன். கேட்கவில்லை.

ஆனால் வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் இன்னும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 7ஆம் படிவம் கொடுத்து நீக்கிவிடுங்கள். குடியுரிமை போன பிறகு அவன் பெயரில் யாராவது ஓட்டுப் போட்டுவைத்தால் அது வேறு கதை.

சந்தேகப் பேர்வழி · செவ்வாய், இரவு 10.58

ஆர்.கே. நகரில் அப்படி எல்லாம் நடக்குமா என்ன.

தங்கசாலைத் தம்பி · புதன், காலை 7.30

எல்லாம் எழுதியும் மறுத்தால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போக முடியுமா?

மேரிலாந்து மணி · புதன், மாலை 7.15

கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988லேயே ஈகன் வழக்கில் சொல்லிவிட்டது. சந்தேகம் வந்தால் அதன் பலன் நாட்டுக்கு, உங்களுக்கு அல்ல. கிரிமினல் வழக்கில் இருப்பதற்கு நேர் தலைகீழ்.

ஆனால் எடுத்த எடுப்பில் கதவைச் சாத்துவதில்லை. கம்பெனி ஊழியர் என்றால் முதலில் காரண அறிக்கை ஒன்று வரும். எந்தத் தலைப்பில் என்ன குறை என்று பத்தி பத்தியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று பதில் எழுதி, நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். வக்கீலையும் கூட்டிப் போகலாம். அங்கே ஒட்டுமொத்த மனிதனாகப் பார்ப்பார்கள்: வீடு எங்கே, மனைவி யார், சேமிப்பு எந்த நாட்டில், எத்தனை வருடமாக வரி கட்டுகிறான். தண்டையார்பேட்டை 21 லட்சத்துக்கு எதிரே மேரிலாந்து வீட்டையும் ஓய்வுக்கால சேமிப்பையும் வைத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியும்.

கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ஊருக்கு வருவதென்றால் கிளம்பும் முன்பே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று அன்று இரவே ஏறி வந்தாலும், அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, திரும்பிப் போனதும் முழு விவரமும் கொடுக்க வேண்டும். அக்காவிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள், பிறகு 'பெத்த தாயைப் பார்க்க எவன்கிட்ட கேக்கணும்' என்று ஒரு சண்டை வரும்.

கல்மண்டபம் மாமா · சனி, இரவு 9.05

நிலவரம் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அத்தானும் நானும் வங்கிக்குப் போனோம். மேலாளர் தங்கமானவர், திட்டாமல் கேட்டார். பையன் பெயரை எடுக்க அவன் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார், அவன் கூரியரில் அனுப்புகிறான். எஃப்பாருக்கு அங்கே கணக்காளர் பார்த்தாகிவிட்டது. பாஸ்போர்ட் பிஸ்கட் டின்னை விட்டு வெளியே வந்தது. அக்கா கொடுக்கும்போது நீல அட்டையை முந்தானையால் ஒரு முறை துடைத்தாள். தங்க நிறச் சிங்கம் கொஞ்சம் உரிந்திருக்கிறது. அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவர் மேரிலாந்து போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம், அங்கே தூதரகத்தில் ஒப்படைப்பான்.

படிவமும் கிட்டத்தட்ட முடிந்தது. 18ஆவது பிரிவில் அக்காவுக்கு நேரே எவ்வளவு நாளுக்கு ஒரு முறை பேசுவீர்கள் என்று கேட்டிருக்கிறது. தினமும், வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை என்று கட்டங்கள். பையன் 'வாரம் ஒரு முறை' என்று குறித்திருக்கிறான். வீடியோவில் அதைக் காட்டியதும் அக்கா, "தினமும்னு போடுடா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள். உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார் என்று அவன் என் தலையில் கட்டிவிட்டான். மூன்று நாளாக அக்கா என்னோடு பேசுவதில்லை. நேற்று முதல் அவனுக்கு மட்டும் காலை, மாலை இரண்டு வேளையும் போன் போகிறது.